பிசிறு இல்லாத மூடிகள்

ஒரு நாளும் குரல் உயர்த்தாத என் பிலோமினா டீச்சருக்கு,

‘எப்படி இருக்கீங்க’ என்று தொடங்கத்தான் கை போகிறது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் விடவில்லை. காலையில் நம் நர்சரி ஹாலைத் திறந்ததும், ‘டீச்சர், பாய் விரிச்சிடட்டுமா?’ என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். கூட வேலை செய்கிற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதல் வருஷப் பூசைக்கு அண்ணனூர் போயிருந்தேன். பூசை முடிந்து வீட்டில் உங்கள் வீட்டுக்காரர் சேவியர் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் தெரிய வந்தது. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும், உங்களுக்குத் தெரியும். இதை நம் ஹால் வாசலில் ஒட்டப் போகிறேன், அம்மாக்கள் எல்லோரும் படிக்கட்டும். அதனால் தெரிந்த கதையையே திரும்பச் சொல்கிறாளே என்று சிரிக்காமல் கேளுங்கள். ட்ரெயினைப் பிடிக்கிற அவசரம் இப்போது உங்களுக்கு இல்லையே.

முதலில் நல்ல சேதி. கோமதி டிப்ளமா இரண்டாம் வருஷம் போய்விட்டாள். ஆமாம் டீச்சர், விரல் சூப்பிக்கொண்டு உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி திரிந்த அதே கோமதிதான். என்னைவிட உயரம். வாய் மட்டும் என்னைப் போலவே. அவள் அப்பாவோ யார் கிடைத்தாலும் நிறுத்தி வைத்து, ‘எம் பொண்ணு எலெக்ட்ரானிக்ஸ் பட்ச்சிகினு கீது’ என்கிறார். அது என்ன படிப்பு என்று திருப்பிக் கேட்டால் மேலே பார்க்கிறார்.

அவருக்கு இந்தப் பெருமை சும்மா வரவில்லை. எண்பதுகளின் நடுவில் மண்ணூர்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற எஸ்டேட் ஜனங்கள். எங்கள் அப்பா, அம்மா திருவேற்காடு பக்கம் கூலிக்கு வயலில் இறங்கியவர்கள். நாங்கள் கம்பெனி கேட்டில் கார்டு அடித்து உள்ளே போனவர்கள். என் வீட்டுக்காரர் மூர்த்தி ஃபவுண்டரியில். நான் மருந்து பாட்டிலுக்குப் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் செக்கிங். மெஷினிலிருந்து விழுகிற மூடியை எடுத்து, ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்க வேண்டும். பிசிறு இருந்தால் சிவப்பு ட்ரே, இல்லையென்றால் பச்சை ட்ரே. அச்சு இடுக்கில் கசிந்து ஓரத்தில் நிற்கிற மெல்லிய பிளாஸ்டிக்தான் பிசிறு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் கையைக் கீறிவிடும். எட்டு மணி நேரமும் எனக்கு இதே வேலை.

கோமதிக்கு அப்போது மூன்று வயது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். அந்த அம்மாவுக்கே நாலு பிள்ளைகள். நான் திரும்பி வரும்போது இவள் வாசற்படியில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருப்பாள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தப் பத்து மணி நேரத்தில் அவளோடு யாரும் பேசியிருக்கவும் மாட்டார்கள். பால்வாடி மத்தியானத்தோடு முடிந்துவிடும், எங்கள் ஷிப்டோ நாலரைக்குத்தான் விடும். பெரிய பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்க்கலாம் என்று போய்க் கேட்டால் டொனேஷன் என்றார்கள். தொகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டோம்.

‘நம்ம புள்ள இன்னா கலெக்டரா ஆவப் போவுது, உடு’ என்றார் மூர்த்தி. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆகாது என்று மூன்று வயதிலேயே முடிவு கட்ட நாம் யார்?

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற கான்வென்ட்டில் குழந்தைகள் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு, எங்கள் முதலாளியைப் பார்த்துப் பேசி, கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய கேன்டீன் ஷெட்டை வாடகைக்கு வாங்கி நர்சரி ஆரம்பித்தீர்கள். தெருவில் ஒரே பேச்சு. ‘வேதத்துல சேக்கத்தான் வந்துகீறாங்க, பாத்துக்கினே இரு’ என்று ஒரு கிழவர் எல்லோர் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். பிறகு அவருடைய பேரன்தான் உங்கள் முதல் மாணவன்.

கோமதியைச் சேர்க்க வந்த அன்று நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. ‘உங்களால எவ்வளவு முடியும்?’ நான் கூச்சத்தோடு சொன்னேன். ‘சரி, அதோட வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம்’ என்றீர்கள். கொஞ்சம் கட்டுகிறவர், நிறையக் கட்டுகிறவர், கட்டவே முடியாதவர் எல்லோரும் வாரம் ஒரு தடவை வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். பேங்க் கிளார்க் சம்சாரமும் சித்தாள் வேலைக்குப் போகிறவளும் ஒரே வாளியில் துணி நனைத்துத் தரை துடைத்தார்கள். யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பது கடைசிவரை உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் முறைக்கு வந்து உட்கார்ந்த முதல் நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அ, ஆ என்று ராகம் போட்டுக் கத்தவில்லை. கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்கார வைக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னப் பாய். அதை அதுவே விரித்து, அதுவே சுருட்டி வைக்க வேண்டும். ஒருத்தி கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குத் துவரம்பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்தன் உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய ‘ட’வைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டிருந்தான். ‘இன்னா டீச்சர், வெளாட உட்டுட்டு சும்மா கீறீங்க?’ என்று கேட்டேன். ‘நீங்க மூடி தடவிப் பார்க்கிறீங்களே, அது விளையாட்டா?’ என்றீர்கள்.

இரண்டு மாதத்தில் கோமதி வாய் திறந்தாள். திறந்தது இன்று வரை மூடவில்லை. வீட்டில் தண்ணீர் சிந்தினால் அவளே துணி எடுத்துத் துடைத்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போட்டாள். ஒரு நாள் மூர்த்தி சட்டையைச் சுருட்டி எறிந்தபோது, ‘அப்பா, உன் பாய உன் எடத்துல வெக்கணும்’ என்று சட்டையைக் காட்டினாள். மனுஷன் எழுந்து போய் ஆணியில் மாட்டினார். அதைப் பார்த்து நான் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். டொனேஷன் கொடுத்துப் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கிறது என் பிள்ளைக்கும் கிடைக்கிறதே என்ற அழுகை அது.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் பதினாலு வருஷமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு எண்ணவும் நிறம் பிரிக்கவும் சாமான் வாங்க உங்களிடம் பணம் இல்லை. எங்கள் கம்பெனியில் கேட்டு, மாதம் ஒரு பை ரிஜெக்ட் மூடி தர ஒப்புக்கொள்ள வைத்தீர்கள். உங்கள் பேரில் கேட் பாஸ். பையைக் கொண்டு வந்து கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு நாள் சாயங்காலம் கோமதியைக் குளிப்பாட்டும்போது, சோப்பு பட்டதும் வீலென்று கத்தினாள். ஆள்காட்டி விரலில் நீளமாக ஒரு கீறல். ‘மூடி கடிச்சிச்சு’ என்றாள்.

அது நான் கையால் தடவிப் பார்த்து, ஆகாது என்று சிவப்பு ட்ரேயில் போட்ட மூடி. மருந்து பாட்டிலுக்கு ஆகாதது என் பிள்ளை விரலுக்கு ஆகுமா? மறுநாள் காலையில் ஷெட்டுக்கு வந்து, அத்தனை பேர் முன்னாலும் உங்களைக் கேட்டேன்.

‘இன்னா டீச்சர் இது? உங்க பழைய கான்வென்ட்ல ரிஜெக்ட் குடுத்து எண்ணச் சொல்லுவீங்களா? எங்க புள்ளைங்கன்னா தூக்கிப் போட்டது போதுமா?’

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. ‘இல்ல வனஜா... உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சுக் குடுக்கறேன்’ என்றீர்கள். ‘ஆமா, தேய்ங்க’ என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வேலைக்குப் போய்விட்டேன். என்ன வாய் எனக்கு! அண்ணனூரிலிருந்து ட்ரெயினில் வந்து, பஸ் மாறி, எங்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுகிற மனுஷியிடம் பேசுகிற பேச்சா அது?

ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த மாதப் பையை நிரப்பும்போது சிவப்பு ட்ரேயைத் தொடவே இல்லை. பச்சை ட்ரேயிலிருந்து எடுத்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறத்துக்கு இருபதாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று தடவிப் பார்த்து எடுத்தேன். திருடுகிறோம் என்று அந்த நிமிஷம் தோன்றவே இல்லை. சரியான சாமானைச் சரியான இடத்துக்கு அனுப்புகிறோம் என்றுதான் இருந்தது. செக்கிங் வேலை செய்தே மூளை இப்படி ஆகிவிட்டது போல.

கேட்டில் அன்றைக்குப் பார்த்துப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பாஸில் ‘ரிஜெக்ட் மூடி, ஒரு பை’ என்று இருக்கிறது, மேஜை மேல் பளபளவென்று நல்ல மூடிகள் உருள்கின்றன. பர்சனல் ஆபீசர் ரூமில் கொண்டு போய் நிறுத்தினார்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் நீட்டினார் அவர்.

‘இதோ பாரும்மா, நீயா எடுத்தன்னு எழுதினா திருட்டு. நாளையிலேர்ந்து வேலை கிடையாது. பாஸ் அந்த டீச்சர் பேர்ல இருக்கு. அவங்க நல்ல மூடி கேட்டாங்க, அதனால எடுத்தேன்னு எழுதிக் குடு. எச்சரிக்கையோட விட்டுடறேன். உனக்குப் பிள்ளை குட்டி இருக்குல்ல?’

இருந்தது டீச்சர். மூர்த்தியின் ஃபவுண்டரியில் அந்த மாதம் லே-ஆஃப். என் வேலையும் போனால் அடுப்பு எரியாது. கோமதிக்குக் கட்டுகிற கொஞ்சமும் போய்விடும், நானும் வேறு வேலை தேடி எங்கெங்கோ அலைவேன், அவள் மறுபடி வாசற்படியில் உட்காருவாள். வாசற்படியும் அந்த மூக்கும்தான் என் கண்முன் வந்தன. ‘பிலோமினா டீச்சர் நல்ல மூடிகள்தான் வேண்டும் என்று கேட்டதால் எடுத்தேன்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டது ரிஜெக்ட்டைத்தான், அதையும் தேய்த்துக் கொடுக்கிறேன் என்றுதான் சொன்னீர்கள்.

மறுநாள் உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் எந்த மூடி வந்தது, எந்த ட்ரேயில் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, ‘கோமதிக்கு நாளைக்கு ஒரு மாத்துத் துணி குடுத்து விடு, தண்ணி ஊத்திப் பழகறோம்’ என்றீர்கள். அவ்வளவுதான்.

நீங்களே கேட்டதாக ஒப்புக்கொண்டீர்கள் என்று சாயங்காலம் பேச்சு பரவியது. யார் எழுதிக் கொடுத்தது என்பதை ஆபீசில் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது. என் வேலை தப்பியது. ஒரு வாரத்தில் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லி உங்களுக்குக் கடுதாசி வந்தது. இருபத்தாறு பிள்ளைகளுக்கு இடம் இல்லாமல் போனது.

நீங்கள் அம்மாக்களைக் கூட்டி, ‘இடம் கிடைக்கற வரைக்கும் நிறுத்தி வைப்போம்’ என்றீர்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. என் வாய்தான் முந்தியது.

‘எங்க ஊட்ல வெச்சிக்கோங்க டீச்சர். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் பூட்டா பகல்ல ஊடு சும்மாத்தானே கீது.’

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ‘என்ன பெரிய மனசு வனஜாவுக்கு’ என்றாள் பேங்க் கிளார்க் சம்சாரம். அந்தப் பாராட்டு என் மேல் ஊசி மாதிரி இறங்கியதை யாரிடம் சொல்ல முடியும்?

அப்படி ஆரம்பித்ததுதான் நம் வாரத்துக்கு ஒரு வீடு. ஷிப்டுக்குப் போகிற குடும்பங்களின் வீடுகள் பகலில் பூட்டித்தானே கிடக்கும்? ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டின் சாவி உங்கள் கைக்கு வந்தது. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, ட்ரங்குப் பெட்டியைப் பரண் மேல் ஏற்றி, ஒரே அறையில் இருபத்தாறு பாய். இடம் போதாமல் பாயை மடித்து விரித்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுத்த வீட்டுக்குப் போய், கதவு நிலை, கட்டில் கால், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் நான் கையால் தடவிப் பார்ப்பேன். ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த வீட்டுக்காரர் பிடுங்கிய பிறகுதான் திங்கட்கிழமை வகுப்பு. ‘செக்கிங் அம்மா வந்துட்டாடோய்’ என்று ஆம்பிளைகள் சுத்தியலைத் தேடி ஓடுவார்கள்.

வாடகை இல்லாமல் போனதால் இன்னும் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அதைவிட, தங்கள் வீட்டிலேயே வகுப்பு நடந்ததால் அப்பாக்களுக்கும் அது என்னவென்று புரிந்தது. நைட் ஷிப்டு முடித்து வந்த நாகராஜ் தன் வீட்டு மூலையில் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு முழு வகுப்பையும் பார்த்துவிட்டு, தானாக வந்து கேட்டார். அவர் லேத் மெஷினில் வேலை செய்கிற டர்னர். ‘டீச்சர், அந்த கான்வென்ட்ல மரத்துல உருளை உருளையா வெச்சிருப்பீங்கன்னு சொன்னீங்களே. அளவு குடுங்க, நான் கடைஞ்சி தர்றேன். எனுக்கு ஃபீஸு கட்ட முடியல, இத்தையாவது செய்றேன்.’

நீங்கள் அளவு கொடுத்தீர்கள். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் தடிமனாகப் பத்து உருளைகள். அவர் கடைந்து கொண்டு வந்தார். நீங்கள், ‘ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு’ என்று கையில் வாங்குவதற்குள் நான் பிடுங்கித் தடவிப் பார்த்து, ‘நாலாவது ரிஜெக்ட்’ என்றேன். மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை நாகராஜ், ‘இன்னாம்மா நீ, ராக்கெட்டுக்கா செய்றேன்?’ என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாலாவது தடவை பத்தும் பாஸ். அதற்குப் பிறகு தையல் தெரிந்தவள் பொத்தான் போடப் பழக்குகிற துணிச் சட்டம் தைத்தாள், தச்சு வேலைக்காரர் அலமாரி செய்தார். கட்ட முடியாதவர்கள் கையில் இருந்த தொழிலால் கட்டினார்கள். எல்லாம் என் கையைத் தாண்டித்தான் உள்ளே வந்தது. கான்வென்ட்டில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடக்கிற ஹாலை வாரநாட்களில் நமக்குக் கொடுத்தது அதற்கு அடுத்த வருஷம். அந்த வருஷமே நீங்கள் என்னிடம், ‘கம்பெனிய விட்டுட்டு எங்கூட வர்றியா வனஜா? சம்பளம் கம்மிதான். நான் சொல்லித் தர்றேன், நீயும் வகுப்பு எடு’ என்றீர்கள். பத்தாவதில் கணக்கு பெயிலானவள் நான். ‘ஏன் டீச்சர், என்னப் போயி...’ என்றேன். ‘கோமதி பெரிய ஸ்கூலுக்குப் போயாச்சு, காலைல உனக்கு அவசரமில்லையே’ என்றீர்கள். அதுவா காரணம் என்று அப்போதே தோன்றியது. கேட்கப் பயம். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அத்தனை வருஷமும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நீங்கள் நிமிர்ந்து பார்த்ததும், ‘டீ போடட்டுமா?’ என்று கேட்டுவிடுவேன். உங்களுக்கு நான் போட்ட டீயெல்லாம் பாதி அப்படி வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை சேவியர் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ட்ரெயின் பழுது பார்க்கிற கார் ஷெட்டில் தான் செய்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் உங்கள் போட்டோவுக்குப் போட்ட மாலையைச் சரி செய்தார். எனக்கு மனசு உடைந்துவிட்டது. ‘அண்ணே, அன்னிக்கு டீச்சர் பேர எழுதிக் குடுத்தது நான்தாண்ணே’ என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘தெரியுமே’ என்றார்.

‘தெரியுமா? எப்படிண்ணே?’

‘இன்னாம்மா நீ. அந்த ஆபீசரு உன் பேப்பரத்தான் எடுத்து அவ கைல குடுத்து, படிச்சுப் பாருங்கன்னுகீறான். கீழ உன் கையெழுத்து. முழுசா படிச்சிட்டுத்தான், ஆமா நான்தான் கேட்டேன்னு சொல்லிட்டு வந்தா.’

படித்துவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் வந்தீர்களா? படித்துவிட்டுத்தான் மாற்றுத்துணி கேட்டீர்களா?

‘நான் சண்டை புட்ச்சேன் அவகிட்ட’ என்றார் அண்ணன். ‘பொய்யி எழுதினவ புள்ளைய ஏன் இன்னும் மடியில வெச்சிகினு கீறன்னு கேட்டேன். அதுக்கு அவ இன்னா சொன்னா தெரியுமா? வனஜா எழுதினது பொய்யா இருக்கறதுதான் எனக்கு வெக்கமா இருக்கு. பிள்ளைங்களுக்கு நல்லதக் குடுங்கன்னு நான் கேட்டிருக்கணும்ல? நான் ரிஜெக்ட்டத்தானே கேட்டேன். அவ எழுதினப்புறம்தான் எனக்கு உறைச்சிது. அதான் ஆமான்னு சொல்லிட்டேன்னா. அப்புறம் ஒரு நாள், அவளத்தான் எங்கூட டீச்சரா வெச்சுக்கப் போறேன்னு சொன்னா. நான் இன்னாத்த சொல்றது?’

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே உங்கள் மேல் கோபமும் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷம் ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிட்டோமே, ஒரு நாளாவது, ‘எனக்குத் தெரியும்டி’ என்று சொல்லியிருக்கக் கூடாதா? நானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? நான் சொல்லவே இல்லையே டீச்சர்.

ஆனால் நன்றியைச் சொல்லிவிடுகிறேன், அதையும் சொல்லாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை. கோமதியை வாசற்படியிலிருந்து எழுப்பியதற்கு நன்றி. என் வாய்க்குப் பயந்து ஒதுங்காமல், நான் அன்று கேட்ட கேள்வியை உங்களுக்குள் எடுத்துக்கொண்டதற்கு நன்றி. பயத்தில் எழுதிய தாளைப் படித்த பிறகும், பிசிறு தடவுகிற என் கையை நம்பி அத்தனை பிள்ளைகளை விட்டதற்கு நன்றி. இதையெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பதிமூணு வருஷம் இருந்தது. வீணாக்கிவிட்டேன்.

இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது. நம் பக்கத்து அம்மாக்களில் பாதிப் பேர் இப்போது எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் துணி தைக்கப் போகிறார்கள், உங்களுக்குத் தெரியும். அதில் பூந்தமல்லி ரோட்டில் இருக்கிற ஒரு கம்பெனியிலிருந்து போன வாரம் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. நம் நர்சரியைப் பற்றிக் கேள்விப்பட்டார்களாம், உதவி செய்ய ஆசையாம். ஆபீசில் கழித்துக் கட்டிய பெஞ்சுகளும் உடைந்த மேஜைகளும் நிறைய இருக்கின்றன, ‘ஏழைப் பிள்ளைங்களுக்கு இது தாராளம், வண்டி கொண்டு வந்து எடுத்துட்டுப் போங்க’ என்றார்கள். நான், ‘ரொம்ப சந்தோஷம் சார்’ என்று சொல்லிவிட்டேன். பழைய பழக்கம். கொடுப்பதை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்து தேய்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. புதன்கிழமை அங்கே போகிறேன். வண்டி எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. நம் பிள்ளைகள் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிற உயரத்தில், முப்பது சின்ன நாற்காலிகள், புதிதாக வேண்டும் என்று கேட்கப் போகிறேன். உங்கள் கம்பெனியில் தைக்கிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் அதில் உட்காரப் போகிறார்கள் என்றும் சொல்வேன். கொடுத்தால் கொடுக்கட்டும், இல்லையென்றால் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்பேன். கேட்பதற்கு மட்டும் இனிமேல் வெட்கப்பட மாட்டேன், இது உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

ஏம்மா, இப்படி நல்லதாகக் கேட்கச் சொல்லி உன்னை அனுப்பியது யார் என்று அவர்கள் கேட்கலாம். இந்தத் தடவை உங்கள் பேரைச் சொல்ல மாட்டேன் அக்கா. என் பேரைச் சொல்வேன்.

உங்கள் தங்கச்சி,
வனஜா
மண்ணூர்பேட்டை